பட்டறிவு முன்னா, விதி முன்னா? ஓர் ஆழ்துளைக் கிணற்றை முன்வைத்து

பாலக்கோட்டுக்கு மேற்கே எங்கள் குடும்பத்துக்கு நான்கரை ஏக்கர் மேட்டுநிலம் உண்டு. பாதியில் பெங்களூரா மாமரங்கள் நிற்கின்றன. மீதியில் தக்காளியும் ராகியும் மாறி மாறி விளைகின்றன. நான் கணித ஆசிரியராக ஊர் ஊராக மாறுதலில் போய்க்கொண்டிருந்த காலம் முழுவதும் நிலத்தைக் கட்டிக் காத்தவன் என் தம்பி. சென்ற ஆண்டு மாசி மாதம், மா பிஞ்சு பிடிக்கிற நேரத்தில், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்த தண்ணீர் பாதியாகக் குறைந்துபோனது. புதிய போர் போட்டே ஆகவேண்டும் என்று அவன் தீர்மானித்துவிட்டான். எங்கே போடுவது என்பதில்தான் தயக்கம். கிழக்கு வரப்புக்கு அப்பால் பக்கத்து நிலத்துக்காரர் போட்ட மூன்று போரிலும் தண்ணீர் கிடைத்திருந்ததால் அந்த வரப்பை ஒட்டிப் போடலாம் என்பது ஒரு யோசனை. உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிற பெரியவரை அழைக்கலாம் என்பது இரண்டாவது. கருவி வைத்து நிலத்தடியை அளக்கும் புவியியலாளரை வரச்சொல்லலாம் என்பது மூன்றாவது. "அண்ணா, நீங்க கணக்கு வாத்தியார், எது சரின்னு நீங்களே சொல்லுங்க" என்றான்.

அவன் கேட்டது ஆளைப் பற்றி. எனக்கு அதில் தெரிந்தது, அறிவதற்கான இரண்டு வழிகளுக்கு இடையிலான பழைய வழக்கு. கண்ட நிகழ்வுகளைத் தொகுத்து, அவற்றிலிருந்து ஒரு பொதுமுடிவுக்கு ஏறுவது ஒரு வழி. அதைத் தொகுத்தறிதல் என்கிறோம். முன்பே நம்பத்தக்கதாக நிலைபெற்ற ஒரு பொதுவிதியிலிருந்து கையிலுள்ள சிக்கலுக்கு இறங்குவது மற்றொன்று, அது உய்த்தறிதல். ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு விதிவருமுறை, விதிவிளக்குமுறை என்ற பெயர்கள் நினைவிருக்கும். அங்கே அவை பாடம் நடத்தும் இரண்டு உத்திகளாகவே நின்றுவிட்டன. பணமும் ஒரு பருவத்து விளைச்சலும் பந்தயமாக இருக்கிறபோது எதை முதலில் கையில் எடுப்பது என்பதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தரவில்லை.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை வகுப்பில் ஒரு சிறு கணக்கைக் கொண்டு காட்டுவேன். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அந்த எண்ணையும் கூட்டி, அதோடு 41ஐயும் கூட்டவேண்டும். 1 எடுத்தால் 43, 2 எடுத்தால் 47, 3 எடுத்தால் 53, 4 எடுத்தால் 61. எல்லாம் பகா எண்கள். 18ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் ஆராய்ந்த கோவையின் ஒரு வடிவம் இது. பத்து எண்களைப் போட்டுப் பார்த்ததும் மாணவர்களில் பெரும்பாலோர் 'எப்போதும் பகா எண்தான் வரும்' என்று எழுதிவிடுவார்கள். விடாப்பிடியான ஒருவர் 39 வரை போனாலும் பகா எண்ணே வரும். 40ல் அது உடைகிறது: 1681 என்பது 41ஐ 41ஆல் பெருக்கியது. இதைக் கண்டுபிடிக்க நாற்பது முறை பெருக்கவேண்டிய தேவையே இல்லை என்பதுதான் இங்கே சுவையானது. நாற்பது நாற்பதுகளோடு இன்னொரு நாற்பதைக் கூட்டினால் நாற்பத்தொரு நாற்பதுகள். அதாவது நாற்பது நாற்பத்தொன்றுகள். அதோடு 41ஐச் சேர்த்தால் நாற்பத்தொரு நாற்பத்தொன்றுகள். ஒரே வரியில், ஐயத்துக்கு இடமில்லாமல், உய்த்தறிதல் சொல்லிவிட்டது. முப்பத்தொன்பது சான்றுகள் தராத உறுதியை ஒரு வரி தந்தது. (பதினோராம் வகுப்பில் 'கணிதத் தொகுத்தறிதல்' என்று ஒன்றைப் படிக்கிறோம், பெயர் அப்படியே தவிர, முறை முழுக்க உய்த்தறிதல்தான். இந்தப் பெயர்க் குழப்பத்தால் என் மாணவர்கள் பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.)

இதைப் படிக்கிற எவருக்கும், அப்படியானால் எப்போதும் விதியிலிருந்தே தொடங்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த உறுதிக்கு ஒரு விலை உண்டு: எடுத்துக்கொண்ட விதியில் ஏற்கெனவே அடங்கியிராத எதையும் உய்த்தறிதல் புதிதாகச் சொல்லாது, விதியே பிழையென்றால் அந்தப் பிழையை அது குறையாமல் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். தொகுத்தறிதலோ கண்டதைத் தாண்டிப் போகிறது. தாண்டுவதால்தான் அது பயன்படுகிறது. தாண்டுவதால்தான் அது சறுக்குகிறது.

போர் போடும் இடத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், பழைய போர் உண்மையிலேயே வற்றிவிட்டதா என்று தம்பியிடம் கேட்டேன். அவனுக்குக் கோபம் வந்தது. சுற்றுவட்டாரத்தில் அந்த ஆண்டு எத்தனை போர்கள் வற்றின என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினான். அது நல்ல தொகுப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் மோட்டாரும் குழாயும் மனிதன் செய்தவை. அவை எப்படி வேலை செய்கின்றன என்பது முழுமையாகத் தெரிந்த சங்கதி. அப்படிப்பட்ட இடத்தில் ஊரில் நடந்ததைக் கேட்டு முடிவெடுப்பது, கையில் திறவுகோல் இருக்கும்போது கதவை உடைப்பதைப் போன்றது.

தண்ணீர் குறைவதற்குக் காரணங்கள் எண்ணிவிடத் தக்கவை: நீர்மட்டம் மோட்டாருக்குக் கீழே இறங்கியிருக்கலாம், குழாயிலோ இணைப்பிலோ ஓட்டை விழுந்திருக்கலாம், மின்கம்பியில் வேலை பார்த்தபோது பேஸ், அதாவது மும்முனை மின்சாரத்தின் கம்பி வரிசை, மாறி மோட்டார் திருப்பிச் சுற்றலாம், பம்பின் உள்ளே இருக்கும் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். ஒவ்வொன்றும் உண்மையானால் வேறு எதெல்லாம் கூடவே நடந்தாக வேண்டும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். நீர்மட்டம் இறங்கியிருந்தால் மோட்டார் காற்றை இழுக்கும், சுமை குறையும், ஆம்பியர் முள் கீழே விழுந்து ஆடும். முள் ஆடாமல் நின்றது. ஆகவே மட்டம் இறங்கவில்லை. பேஸ் மாறியிருந்தால் ஏதேனும் இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுத்ததும் தண்ணீர் கூடும். மாற்றியதும் இன்னும் குறைந்தது. ஆகவே பழைய இணைப்பே சரி. குழாய் ஓட்டையானால், மோட்டார் ஓடும்போது போரின் வாயில் காது வைத்தால் உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கவேண்டும். கேட்டது. மறுநாள் குழாயை மேலே இழுத்தபோது ஒன்பதாவது இணைப்புக்குப் பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. 'இது இருந்தால் அது இருக்கும், அது இல்லை, ஆகவே இது இல்லை' என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு போகும் இந்த நடை, தருக்க நூல் எதையும் தொடாத எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் சுத்தமாக இருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். சித்திரை கடைசியில் ஆம்பியர் முள்ளும் ஆடத் தொடங்கியது; குழாயில் காற்று வந்தது. தம்பி சொன்ன முடிவு இரண்டு மாதம் தாமதமாக உண்மையாயிற்று. இப்போது இடம் பார்க்கவேண்டிய கேள்வி மெய்யாகவே வந்துவிட்டது.

முதல் யோசனை, பக்கத்து நிலத்தின் மூன்று போர்கள். காவிரிக் கழிமுகத்தில் ஆற்றுமணல் படிந்த நிலமாக இருந்தால் இந்த யோசனையை நானே ஆமோதித்திருப்பேன். மணற்படுகையில் நீர் பரவலாக நிற்கிறது. நூறு அடிக்கு அப்பால் கிடைத்தது இங்கும் கிடைக்கும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடிநிலம் வேறு. இங்கே மேலே கொஞ்சம் சிதைந்த பாறை, அதற்குக் கீழே கடும்பாறை. கடும்பாறையில் தண்ணீர் நிற்பது வெடிப்புகளில் மட்டுமே. வெடிப்புகளோ கோடுகளாக ஓடுகின்றன, ஆழம் போகப் போக அரிதாகின்றன. ஒரு வெடிப்பின் மேல் அமைந்த போர் கொட்டும். அதிலிருந்து முப்பது அடி தள்ளிப் போட்டது புழுதியை மட்டும் கக்கும். போதாக்குறைக்கு, இப்பகுதியில் கருங்கல் சுவர்கள் போலப் பூமிக்குள் செங்குத்தாக நிற்கும் டைக் எனப்படும் பாறை அமைப்புகள் உண்டு; கருப்புக் கிரானைட் என்று வெட்டி ஏற்றுமதியாவது பெரும்பாலும் இந்த வகைக் கல்தான். இந்தச் சுவர் நிலத்தடி நீரோட்டத்தை அணை போல மறித்தால், ஒரு பக்கம் தண்ணீர் தேங்கும், மறுபக்கம் காயும். பக்கத்து நிலத்துக்காரரின் மூன்று போர்களும் ஒரே கோட்டில் இருந்தன. ஒரே வெடிப்பில் போட்ட மூன்று போர்கள், கணக்கில் ஒரு போருக்குத்தான் சமம்.

இதில் கவனிக்கத்தக்க ஒன்று இருக்கிறது. 'பக்கத்தில் கிடைத்தது இங்கும் கிடைக்கும்' என்ற தொகுத்தறிதல் எந்த நிலத்தில் செல்லும், எந்த நிலத்தில் செல்லாது என்பதை அந்தத் தொகுப்பே சொல்வதில்லை. மணலில் செல்லும், கடும்பாறையில் செல்லாது என்பது பாறையைப் பற்றிய பொதுவிதியிலிருந்து வருகிறது. எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் தொகுத்தறிதல் வலுப்பெற்றுவிடாது; எண்ணப்பட்டவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்ட சூழலிலிருந்து வந்தன என்பதில்தான் வலு இருக்கிறது.

தேங்காய் பார்க்கும் பெரியவரைப் பற்றி எழுதும்போது கிண்டல் தொனி வந்துவிடக்கூடாது என்று நினைக்கிறேன், ஏனெனில் அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. உள்ளங்கையில் கிடத்திய தேங்காய் ஓரிடத்தில் நிமிர்ந்து நிற்கிறது. அவர் அதை மனமார நம்புகிறார். அவருக்கு ஆதரவாக ஊரார் சொல்வது சுத்தமான தொகுத்தறிதல்: இன்னார் நிலத்தில் சொன்னார், கிடைத்தது, இன்னார் நிலத்திலும் கிடைத்தது. நான் கேட்டது மூன்றே கேள்விகள். கிடைக்காமல் போனவை எத்தனை? அவர் சொல்லாத இடத்தில் போட்டும் கிடைத்தவை எத்தனை? கிடைத்தது என்றால் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு? முதல் கேள்விக்கு ஊரில் விடையே இல்லை. வற்றிய போரைப் பற்றி யாரும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதில்லை. கொட்டிய போருக்கு மாலை போட்டுப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டாவது கேள்விதான் இன்னும் முக்கியமானது. ஒரு பகுதியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே பத்தில் ஏழு போரில் ஏதோ கொஞ்சம் தண்ணீர் வரும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தேங்காய் பத்தில் ஏழு முறை சரியாகச் சொன்னது என்பதற்கு எந்த மதிப்பும் இல்லை. இந்த ஒப்பீட்டைச் செய்யாத தொகுப்பு எவ்வளவு நீளமானாலும் அது வெறும் பட்டியல்.

ஜெர்மனியின் மியூனிக் அருகே 1987-88ல் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு களஞ்சியத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை ஒவ்வொரு முறையும் வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்து, மேல்தளத்திலிருந்து அது எங்கே என்று நீரோட்டம் பார்ப்பவர்களைச் சொல்லச் சொன்னார்கள். முதற்கட்டத் தேர்வில் திறமைசாலிகளாகத் தேறிய 43 பேர் கலந்துகொண்டார்கள். சிலர் நன்றாகச் செய்ததாக நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அதே தரவுகளைப் பின்னர் ஆராய்ந்த ஜிம் என்ரைட் என்ற அறிவியலாளர், குத்துமதிப்பாகச் சொன்னால் வரக்கூடியதைவிட அது மேலானதல்ல என்று காட்டினார். ஒரே பட்டியலிலிருந்து எதிரெதிரான இரண்டு முடிவுகள். சிறந்து விளங்கிய சிலரை மட்டும் பிறகு பொறுக்கி எடுத்துப் பார்த்தால் எந்தப் பட்டியலிலும் திறமை தெரியும். எங்கள் பெரியவருக்கு என் தனிப்பட்ட கருத்தில் ஒரு திறமை உண்டு: நாற்பது ஆண்டுகளாக நிலத்தின் சரிவையும், கோடையில் பச்சை மாறாத மரத்தையும், புற்று இருக்கும் இடத்தையும் பார்த்துப் பார்த்து அவர் கண் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை அவர் தேங்காயின் கணக்கில் எழுதிவிடுகிறார்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். புவியியலாளர் நிலத்தில் நான்கு கம்பிகளை ஒரே வரிசையில் அடிக்கிறார். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளக்கிறார். ஓம் விதியைக் கொண்டு நிலத்தின் மின்தடையைக் கணக்கிடலாம். கம்பிகளை அகல அகல நகர்த்தினால் மின்சாரம் இன்னும் ஆழமாகப் போய்வருகிறது. வெடிப்பில்லாத கடும்பாறையின் தடை மிக அதிகம். நீர் நிறைந்த வெடிப்பின் தடை குறைவு. ஆக, தடை குறைந்த இடத்தில் போடு என்பது முடிவு. விதி, அளவு, முடிவு என்று படிப்படியாக வருவதால் இது உய்த்தறிதலின் திருவுருவமாகத் தெரியும். தம்பியும் அதனால்தான் 'மிஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்றான்.

ஆனால் படிகளைச் சற்று நின்று பார்க்கவேண்டும். நம்மிடம் இருக்கும் விதி, நீர் இருந்தால் தடை குறையும் என்பது. நாம் எடுக்கும் முடிவு, தடை குறைந்திருப்பதால் நீர் இருக்கிறது என்பது. இரண்டும் ஒன்றல்ல. ஈரக் களிமண்ணும் தடையைக் குறைக்கும். அதிலிருந்து ஒரு குடம் தண்ணீர்கூட எடுக்கமுடியாது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை என்னும் தருக்கத்தைக் கற்பிக்கும்போது, இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல, என்ற பழைய எடுத்துக்காட்டு வருகிறது. புகையிலிருந்து நெருப்புக்குப் போகலாம். நெருப்பிலிருந்து புகைக்குப் போகமுடியாது. கொல்லன் உலையில் பழுத்த இரும்பில் புகை இல்லை. எங்கள் புவியியலாளரின் கருவி புகையைக் காட்டுவதாக நாங்கள் நினைத்தோம். அது காட்டியது புகையா மூடுபனியா என்பது இன்னும் தீராத கேள்வி. இன்னொன்றும் அந்தக் காதையில் பார்க்கத்தக்கது. மலையைப் பற்றிய முடிவுக்கு நடுவே 'அடுக்களையைப் போல' என்ற அனுபவம் திட்டாந்தமாக, அதாவது எடுத்துக்காட்டாக, உட்கார்ந்திருக்கிறது. விதி எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் காட்டும் அந்த நேர்மை எனக்குப் பிடித்தமானது. வீட்டு அடுக்களையில் ஆயிரம் முறை கண்டதைத் தொகுத்துத்தான் அந்த விதியே பிறந்தது.

நல்ல புவியியலாளர் இதை அறிந்தவர். எங்களிடம் வந்தவர் கம்பியை அடிப்பதற்கு முன், பழைய போர் போட்டபோது எத்தனையாவது அடியில் என்ன நிறத்தில் மண் வந்தது, எங்கே ஈரம் பட்டது, மேல்மண் சரியாமல் தடுக்கும் கேசிங் பைப்பை எவ்வளவு நீளத்துக்கு இறக்கினார்கள் என்று கேட்டார். தம்பிக்கு நினைவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு நாட்காட்டியின் பின்புறம் எழுதி வைத்திருந்தார். அந்த மூன்று போர்களின் குறிப்பை வைத்து, தன் கருவி காட்டும் எந்த எண் களிமண்ணுக்கு உரியது, எது சிதைந்த பாறைக்கு உரியது என்று அவர் ஒப்பிட்டுக்கொண்டார். இடம் குறிக்கத் தகுதியில்லை என்று நான் ஒதுக்கிய அதே மூன்று போர்கள், கருவியின் மொழியைப் படிக்க உதவின.

இனி, எதை முதலில் எடுப்பது என்ற கேள்விக்கு என் விடையில் ஒரு பகுதி செலவைச் சார்ந்தது. போரில் ஒவ்வொரு முயற்சியும் அடிக்கணக்கில் பணத்தை விழுங்குகிறது. பத்துப் போர் போட்டுப் பார்த்து அனுபவம் சேர்க்க எந்த உழவனாலும் இயலாது. அங்கே விதியை இயன்ற மட்டும் பிழிந்து எடுத்துவிட்டுத்தான் நிலத்தைத் தொடவேண்டும். மாந்தோப்பில் நிலைமை தலைகீழ். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சி விழுந்து, பூங்கொத்தில் தேன் போலக் கசிந்து, இலை கருக்கும்போது, எந்த மருந்தை எந்த நேரத்தில் அடிப்பது என்பதில் கடைக்காரர் ஒரு விதி சொல்வார், மருந்துப் புட்டி ஒரு விதி சொல்லும், பக்கத்துத் தோப்புக்காரர் இன்னொன்று சொல்வார். மரம் மோட்டாரைப் போல முழுதும் தெரிந்த பொருளன்று. வெயில், பனி, மண், மரத்தின் வயது என்று கணக்கில் அடங்காதவை பல. ஆனால் இங்கே முயற்சிக்கு ஆகும் செலவு குறைவு. இரண்டு வரிசையை மருந்தடிக்காமல் விட்டுவிட்டு, இரண்டு வரிசையில் ஒரு வாரம் முந்தி அடித்து, மற்றதை வழக்கம்போல் விட்டு, மூன்று பருவம் தொடர்ந்து எழுதிவைத்தால், அந்தத் தோப்புக்கென்றே ஒரு விதி கிடைக்கும். தம்பி இதுவரை செய்ததில்லை. மருந்தடிக்காமல் விடும் இரண்டு வரிசை அவன் கண்ணுக்கு இழப்பாகவே தெரிகிறது. அந்த இரண்டு வரிசை இல்லாமல் போனால், காய்ப்பு மருந்தால் கூடியதா, அந்த ஆண்டின் பனியால் கூடியதா என்று பிரித்தறிய வழியே இல்லை.

மற்றொரு பகுதி, தவறைத் திருத்திக்கொள்ள முடியுமா என்பதைச் சார்ந்தது. இதற்கு எங்கள் மாவட்டத்தில் தண்ணீரைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இங்குள்ள பாறைக் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஜப்பானியக் கடனுதவியோடு அமைந்து 2013ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே, ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரோசிஸ் நோயின் தடுப்பும் சேர்ந்திருப்பது இதனால்தான். குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் போர்த் தண்ணீரைக் குடிப்பது வீடுகளில் வழக்கம். 'இவ்வளவு நாளாக் குடிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே' என்பது தொகுத்தறிதல். பாதிப்பு தெரிய ஆண்டுகள் ஆகும் என்பதால் அந்தத் தொகுப்பு எப்போதும் ஆறுதலாகவே தொடங்கும். 'கொதிக்க வைத்த தண்ணீர் சுத்தமானது, ஆகவே இதுவும் சுத்தமானது' என்பது உய்த்தறிதல். கொதிநீர் விதி கிருமிக்கு உரியது, ஃபுளோரைடோ கொதிக்கக் கொதிக்கச் செறியுமே தவிரக் குறையாது. வடிவில் குறையில்லாத ஒரு வாதம், எல்லைக்கு வெளியே எடுத்துவந்த விதியால் நஞ்சைப் பருகச் சொல்கிறது. பால்பல் விழுந்து புதிதாக முளைத்த பல்லில் கறை பதிந்தபின் அதை மாற்ற எந்தத் தருக்கமும் உதவாது. ஆகவே இங்கே இரண்டு வழியையும் ஒதுக்கிவிட்டு நீரைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும், நாங்கள் அனுப்பினோம்.

பல்லில் கறை படிவதற்குக் காரணம் தண்ணீர்தான் என்று கண்டறிந்த வரலாறு, இரண்டு வழிகளும் எப்படிக் கைமாற்றிக்கொள்கின்றன என்பதற்குப் பொருத்தமானது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901ல் போன ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல்மருத்துவர், அவ்வூரில் வளர்ந்தவர்களின் பற்களில் மட்டும் பழுப்புக் கறை இருப்பதைக் கவனித்தார். ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் போய், கறை உள்ள ஊர்களையும் இல்லாத ஊர்களையும் ஒப்பிட்டு, குழந்தைப் பருவத்தில் குடித்த தண்ணீரே காரணம் என்ற இடத்துக்கு வந்தார். ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற சிற்றூர், அவர் சொல்கேட்டுப் பழைய குழாய்த் தண்ணீரைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறியது. சில ஆண்டுகளில் புதிதாக முளைத்த பற்களில் கறை இல்லை. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இந்த நடை தொகுத்தறிதலின் மிகச் சிறந்த வடிவம். ஆனாலும் தண்ணீரில் எது என்பதை அது சொல்லவில்லை. வழக்கமான சோதனைகளில் எதுவும் அகப்படவில்லை. 1931ல் ஓர் அலுமினிய நிறுவனத்தின் வேதியியலாளர் சர்ச்சில், யாரும் தேடாத தனிமங்களையும் தேடும் வேறு வகைப் பகுப்பாய்வு செய்தபோதுதான் ஃபுளோரைடு வெளிப்பட்டது. அதன்பிறகு ஓர் ஊரின் நீரை அளந்தாலே பற்களின் நிலையைச் சொல்லிவிட முடிந்தது. முப்பது ஆண்டுகள் ஏறியது. இறங்கியது ஒரு குப்பித் தண்ணீரில்.

தம்பிக்கு நான் சொன்ன விடையை இப்படி எழுதலாம். மனிதன் செய்த பொருளில் சிக்கல் என்றால் விதியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக விலக்கு. இயற்கையில் சிக்கல், முயற்சி மலிவு என்றால், ஒப்பிட ஒரு வரிசையை விட்டுவைத்து அனுபவத்தைத் தொகு. இயற்கையில் சிக்கல், முயற்சிக்கு விலை அதிகம் என்றால், விதி காட்டும் இடத்துக்குப் போ, ஆனால் அந்த விதி எந்தத் திசையில் செல்லும் என்பதைப் பழைய குறிப்புகளைக் கொண்டு சோதித்துவிட்டுப் போ. 'இதுக்கு அந்தப் பெரியவரையே கூப்பிட்டிருக்கலாம், சீக்கிரம் சொல்லியிருப்பாரு' என்றான் அவன், சிரித்துக்கொண்டுதான்.

வைகாசியில் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. புவியியலாளர் குறித்த இடம் மேற்கே, நாவல் மரத்துக்குத் தெற்கில். அம்மாவின் மனத்துக்காகப் பெரியவரையும் முதல்நாள் அழைத்திருந்தோம். அவருடைய தேங்காய் நிமிர்ந்தது அங்கிருந்து நாற்பது அடி தள்ளி. கருவி காட்டிய இடத்திலேயே போட்டோம். 410 அடியில் புழுதி ஈரமானது, 560ல் நிறுத்தினோம், ஒன்றரை இஞ்சு தண்ணீர். தம்பி உடனே கருவியைப் புகழத் தொடங்கினான். ஒரு போர் ஒரு போர்தான், அதற்கு மேல் அதில் எதையும் படிக்காதே என்று சொல்லி, அடிக்கணக்கையும் பாறை நிறத்தையும் ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறான், நான் பார்த்தேன்.

ஆடி மாதத்தில் அதே ஊரில் ஒரு திருமண வீட்டில், யாரோ ஒருவரிடம் பக்கத்து நிலத்துக்காரர் எங்கள் போரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் வந்து பார்த்துவிட்டு, ஓட்டம் மேற்கால போகுது என்று சொன்னாராம். சொன்னபடியே அந்தப் பக்கம் கிடைத்ததாம்.